பேராக்கில் விடுதிப் பள்ளியும் தோட்டத்துப் பிள்ளைகளும்

பேராக் மாநிலத்தில் விடுதிப் பள்ளிகள் தோன்றியதற்கும் வளர்ந்ததற்கும் அடிப்படைக் காரணம் தூரமே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோலக்கங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் ஆட்சிக் காலத்தில் வேரூன்றிய ரப்பர் கன்றுகள், அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டத் தொழிலாக விரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு அப்பால் இருந்த காடுகளைப் பால்மரக் காடுகளாக மாற்றியபோது, நகரத்தை விட்டு வெகுதூரம் உள்ளே, செம்மண் சாலை முடியும் இடங்களில் குடும்பங்கள் குடியேறின. மேட்டுப் பங்களாவில் வாழ்ந்த துரையின் பிள்ளைக்கும், கீழே லயத்தில் வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கும் பொதுவாக இருந்த இடர், நடந்து போகும் தொலைவில் தகுந்த பள்ளி இல்லாமை ஒன்றுதான். அந்த இடரை யார், யாருடைய செலவில் தீர்த்தார்கள் என்பதில்தான் அவ்விரு பிள்ளைகளின் வாழ்வும் பிரிந்தது. தோட்டப்பள்ளி ஆசிரியராகவும், பின்னர் தோட்டப் பிள்ளைகளுக்கான சிறு விடுதியொன்றின் காப்பாளராகவும் பணியாற்றிய இக்கட்டுரையாளர், அந்தத் தொழில் கற்றுத்தந்த பார்வையிலிருந்தே இவ்வரலாற்றை அணுகுகிறார்.

ஆங்கிலேயர் மரபில் ஆயத்தப் பள்ளி எனப்படுவது, ஏறத்தாழ எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளைப் பெரும்பாலும் விடுதியில் தங்கவைத்து, மேல்நிலையில் உள்ள பெரிய கட்டணப் பள்ளிகளில் சேர்வதற்கு உருவாக்கும் சிறு தனியார் பள்ளியாகும். இங்கிலாந்தில் 1904 முதல் நடைபெற்றுவரும் பொது நுழைவுத் தேர்வுதான் இப்பள்ளிகள் அனைத்தும் குறிவைத்த வாயில். அரசின் மானியமோ திருச்சபையின் நிதியோ இன்றி, பெற்றோர் செலுத்தும் கட்டணத்தை மட்டுமே நம்பி நின்ற இத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் ஒரு தலைமையாசிரியரின் பெயரையும் மனவுறுதியையும் சார்ந்தே வாழ்ந்தன. இந்தியாவில் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிய வெள்ளையர்கள் மலைவாழிடங்களை நாடி அங்கே விடுதிப் பள்ளிகளை அமைத்தனர். நீலகிரியில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இலேயே தொடங்கிவிட்டது. மலாயாவிலோ அதற்கேற்ற மலை ஒன்று நெடுங்காலம் எட்டாமலே இருந்தது. வில்லியம் கேமரன் 1885இல் அளந்து குறித்துச் சென்ற மேட்டுநிலத்துக்குப் பேராக்கின் தாப்பாவிலிருந்து வண்டிச்சாலை போடப்பட்டு முடிந்தது 1930களின் தொடக்கத்தில்தான். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும், அக்காலத்தில் அதற்கிருந்த வாசல் பேராக்கில்தான் இருந்தது. ஆகவே அந்த மலையில் தோன்றிய பள்ளியின் கதை பேராக் தோட்டங்களின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

சிங்கப்பூரில் ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1925இல் தாங்லின் கிளப் வளாகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். அன்றைய வெள்ளையர் குடும்பங்களில் பிள்ளைக்கு ஆறு, ஏழு வயதானதும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவதே வழக்கமாக இருந்தது. அதன்பின் பெற்றோரும் பிள்ளையும் சந்திப்பது நீண்ட விடுப்பு வரும் ஆண்டுகளில்தான். இந்தப் பிரிவைச் சில ஆண்டுகளாவது தள்ளிப்போட வேண்டும் என்ற நோக்கமே அப்பள்ளிக்கு அடித்தளம். சிங்கப்பூர்ப் பள்ளி சிறு வயதினருக்கு மட்டுமே போதுமானதாக இருந்ததால், 1934இல் அவர் கேமரன் மலையில் எட்டு முதல் பதின்மூன்று வயது வரையிலானோருக்கு விடுதிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், இரவில் கம்பளி தேவைப்படும் குளிரில் அமைந்த அந்தப் பள்ளிக்கு மலாயாவின் பல மூலைகளிலிருந்தும் தோட்டத் துரைமார், சுரங்க அதிகாரிகள், அரசு ஊழியர்கள் ஆகியோரின் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். அவ்வளவு உயரத்தில் மலேரியா கொசுவின் தொல்லை குறைவு என்பதும் பெற்றோருக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

அப்பள்ளி திறந்த 1934ஆம் ஆண்டைச் சற்று நின்று நோக்குவது தகும். 1930க்குப் பின் ரப்பர் விலை அடிமட்டத்துக்குச் சரிந்தபோது தோட்டங்கள் ஆள்குறைப்புச் செய்தன, கூலி குறைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். உற்பத்தியை மட்டுப்படுத்தி விலையை நிமிர்த்துவதற்கான அனைத்துலக ரப்பர் ஒழுங்குமுறை உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே 1934இல்தான். விலை நிமிரத் தொடங்கியபோது பங்களாவுக்கு ஒரு விடுதிப் பள்ளி கிடைத்தது. லயத்துக்குக் கிடைத்தது பழைய கூலியை நோக்கிய மெதுவான மீட்சி மட்டுமே. கிரிஃபித்-ஜோன்ஸின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. அரசு உதவியின்றி, மலைச்சாலையின் முடிவில், பிறர் பிள்ளைகளை இரவும் பகலும் காத்துக் கல்வி தந்த அவரது துணிவு எந்த விடுதிக் காப்பாளரும் தலைவணங்கத்தக்கது. ஆனால் அந்தத் துணிவுக்குப் பின்னால் தூரத்தின் விலையைக் கொடுக்க இயன்ற பெற்றோர் இருந்தனர் என்பதை மறந்தால் அப்பள்ளியின் வளர்ச்சி விளங்காது.

பேராக்கிலேயே விடுதிப் பள்ளி அதற்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோலக்கங்சாரில் 1905 ஜனவரியில் தொடங்கப்பட்ட மலாய் உறைவிடப் பள்ளி, பின்னாளில் மலாய்க் கல்லூரி எனப் பெயர் பெற்று, மலாய் அரச குடும்பத்தினரின், பிரபுக்களின் பிள்ளைகளை ஆட்சிப் பணிக்கு ஆயத்தம் செய்தது. கல்வி அதிகாரி ஆர். ஜே. வில்கின்சனின் முயற்சியால் உருவான அப்பள்ளியின் முதல் தலைமையாசிரியர், பினாங்கு ஃப்ரீ பள்ளியிலிருந்து வந்த வில்லியம் ஹார்கிரீவ்ஸ். அக்கல்லூரியோடு இளையோருக்கான ஆயத்தப் பிரிவும் இருந்தது. 1954இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்து, பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஆண்டனி பர்ஜஸ் தங்கியிருந்த கிங்ஸ் பெவிலியன் என்னும் மாளிகையில்தான் ஆயத்தப் பிரிவுச் சிறுவர்களும் தங்கவைக்கப்பட்டிருந்தனர். ஈப்போவிலும் பிற நகரங்களிலும் மிஷன் பள்ளிகள் வெளியூர்ப் பிள்ளைகளுக்கென விடுதி வைத்திருந்ததும் உண்டு. தோட்டத்துக் கிராணியார்கள், அதாவது அலுவலக எழுத்தர்கள், வசதி இருந்தால் தம் பிள்ளைகளை இத்தகைய விடுதிகளில் சேர்த்து ஆங்கிலக் கல்வி தந்தனர். பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது கனவிலும் எட்டாத செலவு.

தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளி வந்தது சட்டத்தின் வழியாக. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. பேராக் அக்கூட்டமைப்பின் நான்கு மாநிலங்களுள் ஒன்று என்பதால் இங்கு அச்சட்டம் நேரடியாகச் செல்லுபடியானது. தென்னிந்தியாவிலிருந்து குடும்பத்தோடு ஆள் வரவேண்டும், வந்தவர்கள் தங்க வேண்டும் என்பது தோட்டங்களின் தேவை. பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு என்பது கங்காணி ஊரில் சொல்லி அழைத்துவரத்தக்க வசதிகளுள் ஒன்றாயிற்று. ஆகவே அப்பள்ளி தொழிலாளர் குடியிருப்பின் ஓர் உறுப்பாகவே எழுந்தது. ஆயாக்கொட்டகை எனப்படும் குழந்தைகள் காப்பகம் இருக்கும், அருகே மாரியம்மன் கோயில் இருக்கும், அதற்கடுத்து ஓலைக்கூரையோ தகரக்கூரையோ போட்ட பள்ளிக்கொட்டகை இருக்கும். கட்டடம் தோட்டத்துடையது, நிலம் தோட்டத்துடையது. பல இடங்களில் ஆசிரியரின் குடியிருப்பும் தோட்டத்துடையதுதான். பிள்ளை அந்தப் பள்ளியில் என்ன படித்தாலும் அது தோட்ட எல்லையைத் தாண்டுவதற்கான படியாக அமைக்கப்படவில்லை.

அந்தக் கொட்டகைக்குள் நடந்த வேலையை அருகிலிருந்து பார்க்காதவர்கள் அதன் கடினத்தை அறியமாட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்து, பெற்றோர் வெட்டுக்கத்தியும் வாளியுமாகத் தத்தம் நிரைக்குப் போய்விடுவார்கள். பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவது மூத்த பிள்ளையின் பொறுப்பு. ஓராசிரியர் பள்ளியில் கரும்பலகையைச் சுண்ணக்கட்டியால் மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம் முதலாம் வகுப்புக்கு உயிரெழுத்து, நடுவில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு, வலப்பக்கம் ஐந்தாம் வகுப்புக்குப் பார்த்தெழுதும் பாடம் என எழுதிப்போட்டுவிட்டு, ஆசிரியர் முதல் வகுப்பை உரக்க வாசிக்கவைத்துக்கொண்டே மற்ற இரு வகுப்புகளின் கைகளைக் கண்காணிக்க வேண்டும். பல்வகுப்புக் கற்பித்தல் என இன்று பயிற்சிக் கல்லூரிகள் பாடமாக வைத்திருக்கும் இம்முறையைத் தோட்ட வாத்தியார்கள் எவரும் கற்பிக்காமலே பழகிக்கொண்டனர். காலை பத்து மணிக்கு மேல் பெரிய பிள்ளைகளில் சிலர் காணாமல் போவார்கள். தாய்க்கு உதவியாக மங்குகளில் பால் எடுக்கவோ, மரத்தடியில் உறைந்துகிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கவோ போயிருப்பார்கள். வெள்ளைச் சட்டையில் பட்ட ரப்பர் பால் காய்ந்து கருத்துவிட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அந்தக் கறையைப் பார்த்தே எந்தப் பிள்ளை எத்தனை நாள் வெட்டுக்காட்டுக்குப் போயிருக்கிறது என்பதை ஆசிரியர் கணித்துவிடுவார். வருகைப் பதிவேட்டைவிட அந்தச் சட்டை உண்மை பேசும்.

போர் இரு வகைப் பள்ளிகளையும் ஒருங்கே முடக்கியது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கைக்கு வந்தது; கேமரன் மலைப் பள்ளி மூடப்பட்டது; கிரிஃபித்-ஜோன்ஸ் சிங்கப்பூரில் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். தோட்டங்களிலிருந்து ஆடவர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெருந்தொகையினர் திரும்பாமலே போயினர். போர் முடிந்தபோது லயங்களில் தகப்பனற்ற பிள்ளைகள் நிறைந்திருந்தனர். மலாயாத் தமிழரிடையே விடுதி என்பது முதன்முதலாகப் பெரிய அளவில் ஒரு தேவையாக உணரப்பட்டது இந்தக் காலத்தில்தான்; சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் நிறுவிய சுத்த சமாஜம் போன்ற அமைப்புகள் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது இப்பின்னணியில் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் விடுதியைப் பள்ளியாக உருவாக்கினர். தமிழரிடையே அது அநாதை இல்லமாக, இரக்கத்தின் வடிவில் தொடங்கியது. பிற்காலத்தில் தோட்டப் பிள்ளைகளுக்கு விடுதி கேட்டபோதெல்லாம் அது ஏழைகளுக்கான தருமமாகவே பார்க்கப்பட்டதற்கும், கல்விக்கான முதலீடாகப் பார்க்கப்படாததற்கும் இந்தத் தொடக்கம் ஒரு காரணம் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில் தோட்டத்திலும் அதற்கருகில் இருந்த மற்றொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியர்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து 1960 ஜூலையில்தான் முடிவுக்கு வந்தது. போருக்குப் பின் மீண்டும் திறக்கப்பட்டிருந்த கேமரன் மலைப் பள்ளிக்கு, தாப்பாவிலிருந்து ஏறும் வளைவுச்சாலையே அபாயமாயிற்று. பிள்ளைகள் படை வண்டிகளின் காவலோடு அழைத்துச் செல்லப்பட்டனர். அந்நிலையில் ஒரு சிறு தனியார் பள்ளியால் நெடுநாள் தாக்குப்பிடிக்க இயலாது. பள்ளி மூடப்பட்டு, அதன் கட்டடங்களில் 1951இல் பிரிட்டிஷ் இராணுவம் தன் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி என்ற விடுதிப் பள்ளியை நடத்தத் தொடங்கியது. அதுவும் 1964இல் முடிவுக்கு வந்தது. சிங்கப்பூரில் இருந்த தாய்ப்பள்ளியோ இன்று தாங்லின் டிரஸ்ட் பள்ளி என்ற பெயரில் பெரும் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்து நிற்கிறது. பிள்ளைகள் அன்றாடம் வீடு திரும்பக்கூடிய இடத்தில் இருந்தது நிலைத்தது. மலைமேல் இருந்தது சாலை அடைபட்டதும் முடிந்தது.

அதே காலத்தில் தோட்டப்பள்ளிகள் வேறு வகையில் மாறின. சிதறிக்கிடந்த லயங்கள் பாதுகாப்புக் கருதி ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. கொடிய காலம்தான், ஆயினும் வெவ்வேறு பிரிவுகளில் பத்தும் பதினைந்துமாக இருந்த பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடியதால், ஓராசிரியர் பள்ளி ஈராசிரியர், மூவாசிரியர் பள்ளியாக உயர்ந்த தோட்டங்களும் உண்டு. எண்ணிக்கை கூடினால்தான் வகுப்பு பிரியும், வகுப்பு பிரிந்தால்தான் பாடம் நிறையும் என்பதைத் தோட்ட ஆசிரியர்கள் அப்போது கண்கூடாகக் கண்டனர்.

அந்தத் தேவைக்கு நகரத்தில் கிடைத்த விடைதான் சுங்கை சிப்புட்டின் மகாத்மா காந்தி கலாசாலை. 1896இல் மலாயா வந்து ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்த வீராசாமியின் மகனாக 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, கோலக்கங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற வீ. தி. சம்பந்தன், 1954இல் அப்பள்ளியை நிறுவினார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்துவைத்தார். மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் பின்னர் அமைச்சராகவும் விளங்கிய சம்பந்தன், தம் பிறந்த ஊரில் செய்த இச்செயலின் சிறப்பு, பள்ளியைத் தோட்ட எல்லைக்கு வெளியே, எந்த நிர்வாகத்துக்கும் உரிமையில்லாத இடத்தில் வைத்ததில் இருக்கிறது. தோட்டம் கைமாறினாலும் துண்டாடப்பட்டாலும் அப்பள்ளி அசையாது. இன்று மாணவர் எண்ணிக்கையில் பேராக்கின் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றாக அது விளங்குவதற்கு அந்த இடத்தேர்வே முதற்காரணம்.

துண்டாடல் என்பதைச் சற்று விளக்குவது தேவை. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் தம் பெருந்தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துப் பலருக்கு விற்றனர்; சிறு உடைமையாளருக்கு லயமும் மருத்துவமனையும் பள்ளியும் நடத்தும் எண்ணமோ வலிமையோ இல்லாததால் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. 1951 முதல் 1960 வரையிலான இந்நிகழ்வுகளைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1960இல் சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடமிருந்து மாதந்தோறும் பத்து வெள்ளி திரட்டி, கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைத் தொடக்கமாகக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. கூட்டுறவு நிலத்தைக் காத்தது. அதன் தோட்டங்களில் பள்ளிகளும் தப்பின. மற்ற தோட்டங்களில் பிள்ளைகள் பள்ளியை இழந்தனர், அல்லது பள்ளி பிள்ளைகளை இழந்தது. விடுதலையின்போது நாடெங்கும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவை 530க்கும் குறைவு. பேராக்கில் இன்றும் 130க்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. எண்ணிக்கையில் வேறெந்த மாநிலத்தையும் விட இது மிகுதி. அவற்றுள் கணிசமானவை இன்னும் தோட்டத்தின் பெயரையே சுமந்து நிற்கின்றன.

தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளைக்கு அடுத்த இடையூறு இடைநிலைப்பள்ளியின் வாசலில் காத்திருந்தது. 1964 வரை ஆறாம் ஆண்டின் இறுதியில் நடந்த நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கே இடைநிலைக் கல்வி. அத்தேர்வு நீக்கப்பட்டபின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்து பயிற்றுமொழியைப் பழக வேண்டியிருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அரசு அளித்த ஆயத்தப் பள்ளி என ஏதேனும் ஒன்றைச் சொல்வதானால் அது இந்தப் புகுமுக வகுப்புத்தான். மொழியை மட்டும் அது கவனித்தது, தூரத்தைக் கவனிக்கவில்லை. விடியுமுன் தோட்டத்தை விட்டுக் கிளம்பி, லாரியிலோ பேருந்திலோ நகரம் சேர்ந்து, வெயிலில் திரும்பி வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, புதிய மொழியில் நான்கு பாடங்களைக் கேட்டுவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கில் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் பிள்ளைக்கு ஓராண்டு கூடுதலான போக்குவரத்துச் செலவும் உண்டு. பல பிள்ளைகள் முதல் பருவத்திலேயே நின்றுபோனதற்குப் பாடத்தின் கடினத்தைவிடப் பேருந்துக் கட்டணமே பெருங்காரணம் என்பதைத் தோட்டத்தில் பணியாற்றிய எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பேராக்கின் நகரங்களில் சமய அமைப்புகளும் பொதுநல ஆர்வலர்களும் வாடகை வீடுகளில் சிறு விடுதிகளை நடத்தினர். அவை பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பது பிள்ளைகள் வரை தங்கும் அளவினவே; பள்ளி அவற்றுக்குள் இல்லை, பகலில் நகரத்துப் பள்ளிக்குச் சென்று மாலையில் திரும்பும் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் மேற்பார்வையிட்ட படிப்பும் தருவதே அவற்றின் வேலை. இதில் காப்பாளரின் தொழில்நுட்பம் எனச் சொல்லத்தக்கவை புத்தகத்தில் இல்லாதவை. கட்டணம் எப்போது வரும் என்பதை அறியத் தோட்டத்தின் ஆண்டுச் சுழற்சியை அறிய வேண்டும்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் வெட்டு நாட்கள் குறையும், பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து மரத்தில் பால் வற்றும், இவ்விரு பருவங்களிலும் பெற்றோரிடம் கட்டணம் கேட்பது வீண், ஆகவே செப்டம்பரிலும் ஜனவரியிலும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் முன்கூட்டி வாங்கி வைத்துவிட வேண்டும். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தாய்மார் முறுக்கும் மிக்சரும் பொட்டலம் கட்டிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வருவார்கள். அன்று பேசினால் நிலுவையும் வரும், பிள்ளையின் வீட்டு நிலையும் தெரியவரும்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் முதல் இரு வாரங்களே விடுதி வாழ்வைத் தீர்மானிப்பவை. பகலில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை விளக்கணைத்தபின் அழும். சில பிள்ளைகளுக்குக் காரணமில்லாமல் காய்ச்சல் வரும், வயிறு வலிக்கும். அந்நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பெரும்பாலும் அப்பிள்ளை திரும்புவதில்லை. கண்டித்து அடக்கினால் பாடத்தில் மனம் ஒட்டுவதில்லை. அதே தோட்டத்திலிருந்து வந்த மூத்த பிள்ளை ஒன்றின் பக்கத்துப் பாயில் படுக்கவைப்பதும், சமையற்கட்டில் அம்மா கையால் சாப்பிட்டதைப் போன்ற ஒரு குழம்பை முதல் வாரத்தில் வைக்கச் சொல்வதும், வாரம் ஒரு கடிதம் எழுதவைப்பதும் பயன் தந்தவை. கடிதத்தைப் பெற்றோரால் வாசிக்க இயலாத வீடுகளில் தோட்டத்து வாத்தியாரோ கிராணியாரோ வாசித்துச் சொல்வார். பதிலையும் அவரே எழுதியனுப்புவார். கல்வி இவ்வாறு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் நடந்தது. கல்லாத தாய் தன் பிள்ளை எழுதியதை ஊரார் முன் கேட்டு நிமிர்ந்து நின்றது, விடுதியின் எந்தத் தேர்வு முடிவுக்கும் குறைந்த சாதனை அல்ல.

பாதுகாப்பு குறித்தும் திறந்த மனத்தோடு பேச வேண்டும். சிறு விடுதிகள் பெரும்பாலும் வீடுகளாகக் கட்டப்பட்ட கட்டடங்களில் நடப்பவை; திருடருக்கு அஞ்சிச் சன்னல்களில் கம்பி பொருத்தப்பட்டிருக்கும்; இரவில் வாசற்கதவு பூட்டப்படும். 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் கெராமாட் பகுதியில் இருந்த சமயப் பள்ளி விடுதி ஒன்றில் விடியுமுன் எழுந்த தீயில், பெரும்பாலும் மாணவர்களான 23 பேர் உயிரிழந்தனர். சன்னல் கம்பிகள் அவர்கள் வெளியேறுவதைத் தடுத்தன. அந்நிகழ்வு நாட்டின் எல்லாச் சிறு விடுதிகளுக்கும் உரிய பாடம். இரண்டாவது வெளிவாசல், உள்ளிருந்து திறக்கக்கூடிய சன்னல், சாவி எங்கே தொங்குகிறது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருத்தல், மாதம் ஒருமுறை இரவில் வெளியேறிப் பழகுதல் ஆகியவை இல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் மறுக்க வேண்டும். நடத்துவோரின் நல்லெண்ணம் இவற்றுக்கு ஈடாகாது.

இன்றைய தோட்டப்பள்ளியின் சிக்கல் பழையதன் தொடர்ச்சியே. ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்துகாஜா போன்ற நகரங்களின் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்தன. 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என அரசு வகைப்படுத்துகிறது; பேராக்கின் தோட்டப்பள்ளிகளில் மிகப்பல அவ்வகையின. நிலம் அரசுக்குச் சொந்தமில்லாத பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள் எனப்படும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும், ஆனால் கட்டட வளர்ச்சிக்குப் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஊராரும் அலைய வேண்டும். சில பள்ளிகள் உரிமத்தை எடுத்துக்கொண்டு மக்கள் வாழும் இடத்துக்கு மாறின. அது சரியான முடிவே. ஆனால் இடம்பெயர்ந்த பின்னும் உள்தோட்டங்களில் எஞ்சியிருக்கும் குடும்பங்கள், பெரும்பாலும் வறியவை, பழைய பள்ளியையும் இழந்து புதியதையும் எட்டாமல் நிற்கின்றன. முழுமையான உறைவிட இடைநிலைப்பள்ளிகளில் இடம்பெற 2019 வரை ஆறாம் ஆண்டின் இறுதியில் நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வின் முடிவு வழிகாட்டியது. அத்தேர்வு நீக்கப்பட்டபின் தனி மதிப்பீட்டின் வழி தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மதிப்பீட்டுக்கு ஒரு பிள்ளையை ஆயத்தம் செய்ய இணைய வசதியும், அமைதியான ஒரு மேசையும், கேட்டால் பதில் சொல்லும் பெரியவர் ஒருவரும் மாலை நேரத்தில் தேவை. உள்தோட்டத்துப் பிள்ளைக்கு இம்மூன்றும் ஒருசேர வாய்ப்பது அரிது.

ஆகவே நகரத்துத் தமிழ்ப்பள்ளிகளை ஒட்டி, ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமான சிறு விடுதிகள் எழ வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கோரிக்கை. ஞாயிறு மாலை வந்து ஐந்து இரவுகள் தங்கி, வெள்ளி மாலை வீடு திரும்பும் முறையில் இருபது பிள்ளைகளோடு தொடங்கினால் போதும். குடும்பத்தோடான பிணைப்பும் அறாது, செலவும் கட்டுக்குள் இருக்கும். உள்தோட்டம் ஒன்றிலிருந்து மாதம் முழுதும் நாள்தோறும் இருமுறை வேன் ஓட்டுவதற்கும் வாரம் இருமுறை ஓட்டுவதற்கும் உள்ள செலவு வேறுபாட்டைக் கணக்கிட்டாலே உணவுச் செலவில் ஒரு பகுதி கிடைத்துவிடும். தொடங்க எண்ணும் வாரியங்கள் பெரும்பாலும் முதலில் கட்டட நிதி திரட்டுகின்றன. அடிக்கல் நாட்டு விழாவோடு பல முயற்சிகள் நின்றுவிடுகின்றன. முதலில் தேட வேண்டியவர் பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியாகச் சமைக்கக்கூடிய ஒருவர். அடுத்து, இரவில் தங்கத் துணியும் ஓர் ஆசிரியரும் அவர் குடும்பமும். அதன்பின் இரண்டு வெளிவாசல் உள்ள ஒரு வாடகை வீடும் தீயணைப்புத் துறையின் ஒப்புதலும். சொந்தக் கட்டடம் பற்றி மூன்றாம் ஆண்டில் பேசிக்கொள்ளலாம்.